காலைப் பார்த்துப் படம் பார்த்தவர்கள்

எழுபதுகளின் பிற்பகுதியில் மலேசியாவின் ஈப்போவில் வளர்ந்த தமிழ்ப் பையன்களான நாங்கள் தமிழ்ப் படத்துக்குக் குடும்பத்தோடு போவோம். சீனப் படத்துக்குக் கூட்டாளிகளோடு போவோம். சீனப் படம் என்றால் பெரும்பாலும் ஷா சகோதரர்கள் படம். ஷாங்காயிலிருந்து 1920களில் சிங்கப்பூருக்கு வந்து, மலாயா முழுக்கக் கொட்டகை நடத்திய குடும்பம் அது. இளையவர் ரன் ரன் ஷா ஹாங்காங் போய், கிளியர்வாட்டர் பே மலைச்சரிவில் 1961இல் பெரிய ஸ்டூடியோ திறந்தார். அங்கே எடுத்த படம் இங்கே அவர்கள் கொட்டகையிலேயே ஓடும். பேச்சு மாண்டரினில், அடியில் ஆங்கில எழுத்து. சண்டை தொடங்கிவிட்டால் இரண்டும் வேண்டியிருக்காது.

படம் விட்டதும் தேநீர்க் கடையில் வழக்கு தொடங்கும். புரூஸ் லீயும் ஷாவோலின் சாமியாரும் மோதினால் யார் ஜெயிப்பார்? ஒற்றை விரலால் சுவரில் ஓட்டை போட முடியுமா? கடைசியில் எல்லாக் கேள்வியும் ஒன்றில் வந்து நிற்கும்: இதெல்லாம் நிஜமா?

அன்று அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்க் கேட்க எங்களுக்கு இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவர் என் பெரியப்பா. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மாலையில் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர். இன்னொருவர் எங்கள் தெருக்கோடியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் சீன வைத்தியர். கடையின் பின்கட்டில் இரவு நேரத்தில் ஹுங் கா பாணிக் குங்ஃபூ கற்றுத் தருவார். பெரியப்பா அவரைத் தவுக்கே (முதலாளி) என்பார். அவர் பெரியப்பாவை அண்ணே என்பார். இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய். ஒருவர் வித்தையை மற்றவர் கரித்துச் சொன்னதை நான் கேட்டதே இல்லை.

பெரியப்பா எங்களுக்குச் சொன்ன முதல் பாடம் இது: "படத்துல கையைப் பார்க்காதடா, காலைப் பாரு. கை வேகமா ஆடினா கண்ணை ஏமாத்திடலாம். கால் நிக்கிற விதத்துல எத்தனை வருசம் படிச்சிருக்கான்னு தெரிஞ்சிடும்." சிலம்பத்தில் கம்பைத் தொடுவதற்கு முன்பே காலடி வைத்து 'வீடு கட்ட'க் கற்றுக்கொடுப்பார்கள். ஹுங் கா பள்ளியில் முதல் மாதங்கள் முழுக்கக் குதிரை நிலையில் நிற்பதுதான் பாடம்: தொடை தரைக்கு இணையாக இறங்கி, முதுகு நிமிர்ந்து, கால் நடுங்க நடுங்க நிற்க வேண்டும். சீன வைத்தியரும் திரையில் அதையேதான் தேடுவார்.

1978இல் 'ஷாவோலினின் 36ஆவது அறை' வந்தது. பெரியப்பா எங்களோடு வந்து பார்த்த படம். பழிவாங்கத் துடிக்கும் மாணவன் ஒருவன் ஷாவோலின் மடத்துக்குள் ஓடிவந்து, மொட்டையடித்து, சான் டே என்ற பெயரில் துறவியாகிறான். பிறகு படத்தின் நடுப்பகுதி முழுக்க அவன் யாரையும் அடிப்பதில்லை. கற்றுக்கொள்கிறான். நீட்டிய கைகளில் வாளியோடு தண்ணீர் சுமக்கிறான். கை தாழ்ந்தால் மேற்கையில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். நீண்ட கழியின் நுனியில் பாரத்தை வைத்து, அடிமுனையைப் பிடித்துக்கொண்டு மணியை அடிக்கிறான். மணிக்கட்டு வலுப்பெற வேண்டும் என்பதற்காக. அந்த இடத்தில் பெரியப்பா இருட்டிலேயே என் கையைப் பிடித்து மணிக்கட்டை அழுத்திக் காட்டினார். கம்பு சுழல்வது தோளிலிருந்து அல்ல, இங்கிருந்துதான் என்று எங்களுக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

அந்தப் படத்தை இயக்கிய லாவ் கார்-லியூங் யார் என்பது தெரிந்தால், மணியை அடிக்கும் காட்சி ஏன் அப்படி இருக்கிறது என்பதும் விளங்கிவிடும். கான்டன் நகரில் வைத்தியராகவும் குங்ஃபூ ஆசானாகவும் வாழ்ந்தவர் வோங் ஃபெய்-ஹுங். அவருடைய மாணவர் லாம் சாய்-விங், ஹுங் கா அடிவரிசைகளைப் படங்களோடு நூல்களாக வெளியிட்டவர். லாமின் மாணவர் லாவ் சாம். லாவ் சாமின் மகன்தான் இந்த இயக்குநர். கதைகளில் வரும் ஆசானிடமிருந்து கேமராவுக்குப் பின்னால் நின்றவர்வரை இடையில் இரண்டே கைகள். வோங் ஃபெய்-ஹுங்கின் மனைவி மோக் குவாய்-லானும் ஹாங்காங்கில் குங்ஃபூ கற்றுக்கொடுத்து 1982வரை வாழ்ந்தார். நாங்கள் கொட்டகையில் புராணக் கதையாகப் பார்த்த மனிதரின் வீட்டார் அப்போது உயிரோடு இருந்தார்கள்.

குங்ஃபூப் படத்தில் மெய்யான வித்தை வேண்டும் என்ற எண்ணம் ஹாங்காங்கில் 1949இல் வேர்விட்டது. அதற்கு முன்பிருந்த வாள்வீரர் படங்களின் மரபு வேறு. 1928இல் ஷாங்காயில் வந்த 'செந்தாமரைக் கோயில் எரிப்பு' தொடங்கிவைத்த அலையில் வீரர்கள் பறந்தார்கள். வாள்கள் தாமே பறந்து மோதிக்கொண்டன. 1949இல் இயக்குநர் வூ பாங், வோங் ஃபெய்-ஹுங்கின் கதையைக் கையில் எடுத்தபோது, தெற்குச் சீனப் பள்ளிகளின் வரிசைகளை ஆசான்கள் செய்வதுபோலவே திரையில் காட்ட விரும்பினார். ஓபரா நடிகர் குவான் டாக்-ஹிங் நாயகன். அவர் அந்த வேடத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். லாவ் சாம் அந்தத் தொடரில் தம் குருவான லாம் சாய்-விங்கின் வேடத்தையே ஏற்றார். சண்டைக்காரர்களில் ஒருவராக மகன் லாவ் கார்-லியூங்கும் வந்துபோனார். குருவை மாணவன் நடித்துக் காட்ட, அதை மாணவனின் மகன் பக்கத்தில் நின்று பார்த்த படப்பிடிப்புத் தளம் அது. அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் ஒரு சண்டை இயக்குநருக்கு வாய்த்திருக்காது.

பிறகு ஷா ஸ்டூடியோவில் இயக்குநர் சாங் சேயின் படங்களுக்கு லாவ் கார்-லியூங் சண்டை அமைத்தார். 1974இல் வந்த 'இரு வீரர்கள்' படத்துக்கு முன்னால், ஹுங் பாணியின் வரிசைகளை நடிகர்கள் செய்துகாட்டும் சிறு படம் ஒன்று இணைக்கப்பட்டது. அந்தக் காலத்து ஷா படங்கள் பலவற்றில் பெயர் ஓடும்போது பின்னால் ஒற்றை வண்ணத் திரை இருக்கும். அதன் முன் ஒரு நடிகர் ஒரு வரிசையை முதலிலிருந்து செய்துகாட்டுவார். எங்களில் பலர் கச்சான் வாங்க வெளியே போவது அப்போதுதான். சீன வைத்தியரின் மாணவர்கள் மட்டும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே நேரத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

1975இல் லாவ் இயக்குநரானார். பிறகு வந்த படங்களில் அவர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: வித்தை என்பது கற்பது, அடக்குவது, மதிப்பது. புரூஸ் லீயின் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' 1972இல் ஜப்பானியர்களை எதிரிகளாக நிறுத்தி ஆசியா முழுக்க ஓடிய பிறகு, ஜப்பானியர் என்றாலே வில்லன் என்பது வழக்கமாகிவிட்டது. லாவ் 1978இல் எடுத்த 'கிழக்கின் வீரர்கள்' படத்தில் சீனக் கணவனும் ஜப்பானிய மனைவியும் யார் நாட்டு வித்தை பெரிது என்று சண்டை போடுகிறார்கள். அவளுக்காக ஜப்பானிலிருந்து வரும் வீரர்கள் ஒவ்வொருவராக அவனோடு மோதுகிறார்கள். வாளுக்கு வாள், ஈட்டிக்கு ஈட்டி. அந்த வீரர்களில் ஒருவராக வரும் யாசுவாகி குராட்டா கராத்தே படித்த ஜப்பானியர். படத்தில் ஒருவர்கூடச் சாவதில்லை.

1981இல் வந்த 'மார்ஷியல் கிளப்' படத்தின் கடைசிச் சண்டையை நான் இன்றும் இளைஞர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். நடிகர் கார்டன் லியூ இளம் வோங் ஃபெய்-ஹுங்காக வருகிறார். எதிரே வடக்கிலிருந்து வந்த ஒரு வீரர். சண்டை ஒரு சந்துக்குள் நடக்கிறது. போகப்போகச் சந்து குறுகுகிறது. அகலமாக வீசிய கைகள் சுருங்குகின்றன. உயர்ந்த கால் தாழ்கிறது. தோளோடு தோள் உரசும் இடத்தில் முழங்கையும் முன்கையும் மட்டும் பேசுகின்றன. தெற்கத்திப் பாணியில் குறுங்கை ஏன் வளர்ந்தது என்று எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்து நான் படித்ததில்லை. சண்டை முடிந்ததும் இருவரும் மரியாதையோடு பிரிகிறார்கள்.

கார்டன் லியூ, லாவ் சாமின் பள்ளியில் பயின்றவர். அவர் கால் பொய் சொல்லாததற்கு அதுவே காரணம். ஆனால் எல்லாரும் அப்படி வந்தவர்கள் இல்லை. ஜாக்கி சானும் சாம்மோ ஹுங்கும் யூ ஜிம்-யுவேனின் பீக்கிங் ஓபரா பள்ளியில் குட்டிக்கரணமும் ஆயுத ஆட்டமும் கற்று வளர்ந்தவர்கள். 1966இல் 'கம் டிரிங்க் வித் மீ' படத்தில் வாளேந்திய செங் பெய்-பெய் நடனம் படித்தவர். 1982இல் 'ஷாவோலின் கோயில்' படத்தில் அறிமுகமான ஜெட் லீ, சீன அரசு விளையாட்டாக ஒழுங்குபடுத்திய வூஷுவில் தேசிய சாம்பியன். அவர் 1991இல் இயக்குநர் சூயி ஹார்க்கின் படத்தில் வோங் ஃபெய்-ஹுங்காக வந்தார். வடக்கத்தி வூஷு படித்த உடம்பில் தெற்கத்தி ஆசான். நிலை உயரமாக இருக்கிறது, கால் வானத்துக்குப் போகிறது. ஹுங் கா படித்தவர் கண்ணுக்கு வித்தியாசம் உடனே தெரியும். அந்த உடம்பின் பயிற்சி மெய் என்பதும் உடனே தெரியும்.

இன்னும் வியப்பானவர் லியூங் கா-யான். முறையாகக் குங்ஃபூ படிக்காதவர். சாம்மோ ஹுங் 1978இல் எடுத்த 'வாரியர்ஸ் டூ' படத்தில் விங் சுன் ஆசான் லியூங் ஜானாக நடித்தார். விங் சுன் வித்தையைத் திரையில் நன்றாகக் காட்டிய படங்களில் ஒன்றாக அதை இன்றும் மதிக்கிறார்கள். பார்த்ததை அப்படியே உடம்பில் வாங்கும் திறமை அவருக்கு இருந்தது. கற்றுக்கொடுத்துப் படமெடுக்கத் தெரிந்த இயக்குநரும் இருந்தார்.

திரைச் சண்டையில் பொய் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. நொடிக்கு 24 சட்டகம் ஓடவேண்டிய கேமராவை 22இல் ஓட்டிப் படமெடுத்தால் திரையில் சண்டை ஒன்பது விழுக்காடு வேகமாகும். அடியின் சத்தம் பிறகு சேர்ப்பது. 'வே ஆஃப் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீயும் சக் நாரிஸும் மோதும் கொலோசியத்தின் பெரும்பகுதி ஹாங்காங்கில் போட்ட செட். அந்தப் பொய்களுக்குள்ளே இரண்டு மெய்யான உடம்புகள் இருந்தன என்பதுதான் எனக்கு முக்கியம்.

எண்பதுகளின் நடுவில் ஷா ஸ்டூடியோ படமெடுப்பதைக் குறைத்துத் தொலைக்காட்சிக்குத் திரும்பியது. கொட்டகைகள் மூடின. படங்கள் வீடியோ கேசட்டாக வீட்டுக்கு வந்தன. ஷாஸ்கோப் என்ற அகலத்திரையில் எடுத்த படத்தைச் சதுரமான தொலைக்காட்சிப் பெட்டிக்குள் திணித்ததில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் படம் வெட்டுப்பட்டுப் போனது. அடிக்கிறவர் தெரிவார், அடிவாங்குகிறவர் தெரியமாட்டார். நீண்ட கம்பின் ஒரு முனை சட்டத்துக்கு வெளியே போய்விடும். நகலிலிருந்து நகலெடுத்த கேசட்டில் முகமே மங்கலாக இருக்கும். குங்ஃபூப் படங்கள் மட்டமானவை, எல்லாம் ஏமாற்று என்ற பேச்சு எங்கள் ஊரில் பலமாக எழுந்தது அந்தக் கேசட் காலத்தில்தான்.

2000இல் செலஸ்டியல் என்ற நிறுவனம் ஷா கிடங்கிலிருந்த 700க்கும் மேற்பட்ட படங்களை வாங்கி, பின்னர் மூலச் சுருள்களிலிருந்து மீட்டுக் குறுந்தகடாக வெளியிடத் தொடங்கியது. அகலத்திரை முழுசாகத் திரும்பி வந்தது. 1984இல் லாவ் எடுத்த 'எய்ட் டயகிராம் போல் ஃபைட்டர்' படத்தை அப்படி மறுபடி பார்த்தேன். யாங் குடும்பத்துக் கதை அது. பெரும்பாலான ஆண்மக்களைப் போரில் இழந்த குடும்பத்தின் ஐந்தாம் மகன் ஈட்டியின் தலையை வெட்டிக் கம்பாக்கிக்கொண்டு மடத்துக்குள் நுழைகிறான். படப்பிடிப்பின் இடையில், 1983 ஜூலையில், தம்பியாக நடித்த அலெக்சாண்டர் ஃபூ ஷெங் கார் விபத்தில் இறந்துபோனார். கதையையே மாற்றி முடித்தார்கள். அந்தத் துக்கம் படம் முழுக்கப் படிந்திருக்கிறது. கடைசிச் சண்டையில் கம்பின் இரு முனையும், வீரனின் இரு காலும், எதிரிகளும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கும். கம்பு பிடித்த எவரும் அதை நின்று பார்ப்பார்கள்.

இன்றைய கேள்வி வேறு வடிவில் வருகிறது. 2017 ஏப்ரலில் செங்டு நகரில், கலப்புச் சண்டை வீரர் ஷு சியாவ்டோங், தாய்சி ஆசான் என்று சொல்லிக்கொண்ட வெய் லெய்யை அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். அந்த ஒளித்துண்டு எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கைபேசிவரை வந்து சேர்ந்தது. "பார்த்தீங்களா மாமா, எல்லாம் சும்மா" என்றான் என் தங்கை மகன். அவனுக்கு நான் 1954இன் ஒளித்துண்டு ஒன்றைக் காட்டினேன். அந்த ஆண்டு ஜனவரி 17 அன்று மக்காவு நகரில் தாய்சி ஆசான் வூ குங்-யீயும் வெண்கொக்குப் பாணி ஆசான் சான் ஹாக்-ஃபூவும் மேடையேறினார்கள். ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் தீவிபத்தில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சி அது. இரண்டாம் சுற்றில் நிறுத்தப்பட்டது. வெற்றி தோல்வி இல்லை. வீசிய கைகள் பல தவறின, மூக்கில் ரத்தம் வந்தது, அழகான வரிசை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தச் சண்டை கிளப்பிய பரபரப்பில், சில நாள்களிலேயே ஒரு ஹாங்காங் நாளிதழ் லியாங் யூஷெங்கின் வீரக்கதையைத் தொடராக வெளியிட்டது. புதிய வாள்வீரர் நாவல்கள் அங்கிருந்து தொடங்கின. ஜின் யோங் அடுத்து வந்தார். திரையுலகம் பல பத்தாண்டுகளுக்குக் கதை எடுத்த ஊற்று அது. மேடையில் நடக்கும் சண்டை யார் வலியவர் என்பதைச் சொல்லும். ஒரு வரிசைக்குள் எத்தனை தலைமுறையின் சிந்தனை இருக்கிறது என்பதைச் சொல்லும் வேலை அதற்கு இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் இரண்டும் நமக்குக் கிடைக்காது.

தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு. 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு, ஷாவோலின் குங்ஃபூவைக் காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் கற்றுக்கொடுத்தார் என்று நம் மேடைகளில் உறுதியாகச் சொல்கிறார்கள். போதிதர்மர் தென்னிந்தியர் என்ற மரபு பழையது, மதிக்கத்தக்கது. அவர் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார் என்ற கதைக்கு அடிப்படையாக இருப்பதோ 17ஆம் நூற்றாண்டில் எழுந்த 'யிஜின் ஜிங்' என்ற நூல். அதன் முன்னுரைகள் பிற்காலத்தில் பழையவர்கள் பெயரில் எழுதப்பட்டவை என்று சீன ஆய்வாளர் டாங் ஹாவ் முதல் மெயிர் ஷஹார்வரை காட்டியிருக்கிறார்கள். ஷாவோலின் துறவிகள் 621இல் இளவரசர் லீ ஷிமினுக்காகப் போரிட்டதற்கு மடத்திலேயே கல்வெட்டு இருக்கிறது. மிங் காலத்தில் அவர்கள் பெயர் பெற்றது கம்புச் சண்டைக்கு. வெறுங்கைச் சண்டை அதற்குப் பிறகே அங்கு ஓங்கியது. திரைப்படத்தைச் சான்றாக வைத்துப் பிறர் வித்தைக்கு உரிமை கொண்டாடினால், நம் கையில் மெய்யாக இருக்கிற வித்தைக்கும் மதிப்புக் குறையும்.

மெய்யாக இருக்கிற வித்தை என்று நான் சொல்வது சிலம்பத்தை. தம் வித்தையைக் காக்க ஹாங்காங்கில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அங்கே இன்று ஆசான்கள் முதுமை அடைகிறார்கள், பள்ளிகளுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. அங்கே உள்ள பன்னாட்டு குவோஷு சங்கமும் நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஆசான்களின் உடலசைவுகளை முப்பரிமாணத்தில் பதிவுசெய்திருக்கின்றன. அவர்களுக்கு ஒரு கொடுப்பினை இருந்தது: அரை நூற்றாண்டு வணிகப் படங்களே பாதி வேலையைச் செய்துவைத்திருந்தன. நம்மிடையே எம்.ஜி.ஆர். சிலம்பம் கற்றுத் திரையில் கம்பு சுழற்றினார். மலேசியத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாத்தியார்கள் இருந்தார்கள். ஆனால் தன் குருவின் வரிசையைக் காட்டுவதற்காகவே கதை எழுதிய ஒரு லாவ் கார்-லியூங் நமக்கு இன்னும் வரவில்லை. பெரியப்பா போய் வெகுகாலம் ஆகிறது. அவருடைய அடிவரிசையில் எவ்வளவு எங்கள் உடம்பில் மீந்திருக்கிறதோ அவ்வளவுதான் இன்று இருக்கிறது. அவர் கம்பெடுத்த ஒரு நிமிடக் காட்சிகூட எங்கும் கிடையாது.

லாவ் கார்-லியூங் 2013இல் மறைந்தார். அவர் படங்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிமையானது. அதற்கு ஸ்டூடியோவும் வேண்டாம். ஈப்போவிலும், சித்தியவானிலும், தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் சிலம்ப வாத்தியார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு அவர்களைத் தலைமுதல் கால்வரை, கம்பின் இரு முனையும் தெரியும்படி நிற்கவைத்து, வேகம் கூட்டாமல், நடுவில் வெட்டாமல், ஒரு வரிசையை முழுதாகப் படம் எடுங்கள். இசை சேர்க்க வேண்டாம். வாத்தியாரின் குரு யார், அவர் குரு யார், எந்த ஊர் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதியுங்கள். இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பேரன் இதெல்லாம் நிஜமா என்று கேட்டால், அவன் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள அவ்வளவு போதும்.